நண்டலாற்றங்கரைப் பூவம்

காரைக்காலுக்குப் பிரயாணமாகிறவர்களில் பெரும்பாலோர் திருநள்ளாற்றுச் சனீசுவர பகவானைச் சாந்தி செய்வதற்காகப் போகிறவர்கள். மற்றும் சிலர் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவிலே, காரைக்கால் அம்மையாரை நினைத்து மாடிகளிலிருந்து இறைக்கப்படும் மாம்பழங்களைக் கையேந்திப் பிடிப்பதற்காகப் போகிறவர்கள். இவ்விரண்டு கூட்டத்தாரும் வடக்கேயிருந்து தரங்கம்பாடி வழியாக வருவதானால் பூவத்தைக் கடந்துதான் ஆகவேண்டும். ஆனால் பூவத்தைப் பார்ப்பவர் யாருமில்லை. தரங்கம்பாடியைத் தாண்டிச் சிறிது தூரம் வந்ததும் ஒரு பாலம். பாலத்தின் கீழே நண்டலாறு. அக்கரையில் ஒரு சோதனைச் சாவடி. சாவடியில் வண்டி நிற்கும் அரை நிமிஷமே பூவத்துக்கும் பிரயாணிக்கும் உள்ள சம்பந்தம். வேறு சிலர் மட்டும் அங்கே இறங்குவதற்குத் தனிக் காரணம் வைத்திருப்பார்கள். புதுச்சேரி ராஜ்யத்து எல்லைகள் எல்லாவற்றிலும் கிடைக்கும் அந்த வேறு விதமான தண்ணீரைப் பற்றி இங்கே எழுத உத்தேசமில்லை. நாம் பார்க்கச் சென்றது ஆற்றுத் தண்ணீரையும், அதனோடு கலக்கும் உப்புத் தண்ணீரையுந்தான்.

இந்தச் சிற்றாற்றுக்கு ஒரு காலத்திலே பெரிய அந்தஸ்து இருந்தது. 1739-ல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றார்கள். அதுமுதல் நண்டலாற்றின் வடகரை ஓர் ஆட்சி, தென்கரை மற்றோர் ஆட்சி. வடகரையிலுள்ளவன் தென்கரையிலுள்ள தன் மாமன் வீட்டுக்கு ஒரு மூட்டை எடுத்துச் சென்றாலும் சுங்கக்காரனுக்குப் பதில் சொல்லவேண்டும். 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி காரைக்கால் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியான மாற்றமும் நிறைவேறிற்று. அன்னியர் போய்விட்டார்கள்; எல்லை போகவில்லை. வடகரை இன்று மயிலாடுதுறை ஜில்லா, தமிழ்நாடு. தென்கரை காரைக்கால் ஜில்லா, புதுச்சேரி. பூவம் இருப்பது கோட்டுச்சேரிக் கொம்யூனில். பஞ்சாயத்து என்று நாம் சொல்லுமிடத்தில் அவ்வூரார் கொம்யூன் என்பார்கள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன சொத்துக்களில் நாக்கில் ஒட்டிக்கொண்டது இது ஒன்று.

ஆற்றின் பெயரிலேயே நண்டு இருக்கிறது. காவிரியின் எத்தனையோ கிளைகளுள் கடைசியாகக் கடலை எட்டிப் பார்க்கும் கிளைகளில் நண்டலாறு ஒன்று. மேட்டூரில் ஆனித் தண்ணீர் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு ஓடிவந்து பார்ப்பவர்களுக்கு இங்கே ஏமாற்றந்தான். மேலே திருச்சி, தஞ்சை, கும்பகோணம் எல்லாம் குடித்து மிஞ்சியதே கடைமடைக்கு வரவேண்டும். காவிரி நடுவர் மன்றம் 1991-ல் இடைக்காலமாகக் காரைக்காலுக்கு 6 டி.எம்.சி. தண்ணீர் கொடுக்கச் சொல்லிற்று. 2007-ஆம் வருஷத்து இறுதித் தீர்ப்பில் அது 7 டி.எம்.சி. ஆயிற்று, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதனை மாற்றவில்லை. காகிதத்திலுள்ள ஏழு, வாய்க்காலில் ஏழாக வந்து சேருகிறதா என்பது காரைக்கால் விவசாயிகள் ஒவ்வொரு வருஷமும் கேட்கிற கேள்வி.

ஆற்றிலே நல்ல தண்ணீர் இறங்கிவராத நாட்களில் கடல் சும்மா இருப்பதில்லை. வாய்க்கால்களின் வழியே வேலியேற்றத்தில் உப்புநீர் மேலே ஏறுகிறது. சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி ஆற்றோரமாகக் கடலை நோக்கி நடந்தால் இதைக் கண்ணாலே காணலாம். முதலில் நல்ல நெல்வயல். பிறகு நாற்று வெளிறிப்போன வயல். அதற்கப்பால் உமிரிப் பூண்டு மண்டிய தரிசு. அதற்கும் அப்பால், நான்கு புறமும் உயர்ந்த கரை கட்டி, நீலவலை சுற்றி, நடுவே சக்கரங்கள் சுழன்று நுரை கக்கிக்கொண்டிருக்கும் சதுரம் சதுரமான குட்டைகள். இறால் குட்டைகள் என்று ஊரார் சொல்லுகிறார்கள். மானியம், கடன், சட்டம், வழக்கு, உண்ணாவிரதம் இத்தனைக்கும் இலக்கான பொருள் இந்தக் குட்டைகளே.

இறால் வளர்ப்பு என்பது என்னவென்று நேயர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கண்ணுக்குச் சற்றே தெரியும் இறால் குஞ்சுகளைப் பிராணவாயு அடைத்த பைகளிலே கொண்டுவந்து குட்டையில் விடுகிறார்கள். இப்போது விடுவது பெரும்பாலும் வன்னமேய் என்னும் ஜாதி. இது நமது கடலில் பிறந்ததன்று. அமெரிக்காக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. 2009-ல் சர்க்கார் அனுமதி கொடுத்த பின்னரே பெரிய அளவில் இங்கு வந்தது. நோயற்ற தாய் இறால்களை மட்டும் தருவித்துச் சென்னை நீலாங்கரையிலே தனியே வைத்துப் பரிசோதித்த பிறகுதான் பொரிப்பகங்களுக்குக் கொடுக்கவேண்டுமென்பது விதி. சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடலாகாது என்றும் விதியிருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் அறுவடை. அதுவரையில் இரவும் பகலும் சக்கரங்கள் சுழன்று தண்ணீருக்குக் காற்றூட்ட வேண்டும். மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் கிளம்பாமற் போனால், ஓர் இரவிலேயே குட்டை முழுவதும் மடிந்து மிதக்கும். செலவிலே பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. எல்லாம் சரியாக நடந்தால் நெல் மூன்று போகத்திலும் காணாத பணத்தை ஒரே போகத்தில் காணலாம். சரியாக நடக்காவிட்டால் நிலமே கைவிட்டுப் போகும். சூதாட்டத்துக்கும் விவசாயத்துக்கும் நடுவேயுள்ள வரப்பில் நடக்கிற தொழில் இது.

இந்தத் தொழிலுக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. சோழமண்டலக் கரைக்கு அது பிறரறியாத சரித்திரமன்று. கேரளத்துப் பொக்காளி வயல்களில் மழைக்காலத்திலே நெல்லும் பின்னர் அதே வயலில் இறாலுமாக மாறி மாறி எடுப்பது தலைமுறை தலைமுறையாய் வந்த வழக்கம். வங்காளத்துப் பேரிகளிலும் அப்படியே. கடல் கொண்டுவந்து விட்ட குஞ்சை வளர்த்துக் கடலுக்குரிய தண்ணீரை மறுபடி விட்டுவிடுவார்கள், தீவனமில்லை, மருந்துமில்லை. 1990-க்குப் பிறகு வந்ததோ வேறு. வெளியூர்க் கம்பெனிகள் சீர்காழி, தரங்கம்பாடித் தாலுகாக்களில் நூற்றுக்கணக்கான ஏக்கர்களை வளைத்து வாங்கின. பாங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. ஏற்றுமதியால் டாலர் வரும் என்பது அன்றைய மந்திரம். தைவான் தேசத்திலே இதே தொழில் உச்சிக்குப் போய் 1988 வாக்கில் நோயால் சரிந்து விழுந்த செய்தி அதற்குள் உலகத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை, சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை. 1994, 95-ல் வெண்புள்ளி நோய் இந்தியக் கரைக்கு வந்து, சில நாட்களுக்குள் குட்டை குட்டையாய் இறாலைக் கொன்று போட்டது.

நோய்க்கு முன்னரே மனிதர்கள் எழுந்துவிட்டார்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜகந்நாதனும் அவருடைய மனைவியார் கிருஷ்ணம்மாளும் அவர்களுக்கு முன்னணியில் நின்றார்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையான பின்பு கீழத்தஞ்சைக்கு வந்து தங்கி, நிலமற்ற ஹரிஜனப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக் கொடுப்பதையே விரதமாய்க் கொண்டவர்கள் இத்தம்பதிகள். 1981-ல் லாப்டி என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி ஏக்கர் ஏக்கராக நிலம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணெதிரே, அடுத்த வயலிலே குட்டை வெட்டினால் என்ன ஆகும்? கரையைத் தாண்டி உப்புக் கசிந்து கொடுத்த நிலமும் பாழாகும், கிணறும் உவர்க்கும். சத்தியாக்கிரகம் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். பிறகு 1994-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

நாகபுரியிலுள்ள நீரி என்னும் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் கோர்ட்டின் உத்தரவுப்படி வந்து பார்த்து, பண்ணைகளால் வரும் வருமானத்தைவிட அவற்றால் ஜனங்களுக்கும் இயற்கைக்கும் ஏற்படும் நஷ்டமே அதிகமென்று கணக்குக் கொடுத்தார்கள். 1996 டிசம்பர் 11-ந் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதுவும் தீர்ப்பளித்தார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச்சு 31-க்குள் இடித்துவிட வேண்டும். வேலையிழந்த தொழிலாளருக்கு ஆறு வருஷச் சம்பளம் நஷ்டஈடாகக் கொடுக்கவேண்டும். கெடுத்தவனே செலவைச் சுமக்கவேண்டும். பழைய பாரம்பரிய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் தடையில்லை. ஏழை ஒருவன் கோர்ட்டுக்குப் போய் வென்ற வழக்குகளில் இது முக்கியமானதென்று அன்று நாடெங்கும் பேசினார்கள்.

தீர்ப்பு நிறைவேறியதா என்று நேயர்கள் கேட்கலாம். மறுபரிசீலனை மனுக்கள் போடப்பட்டன, இடிப்பு நின்றது. 2005-ல் பார்லிமெண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதிலே 1991-ஆம் வருஷத்துக் கடற்கரை அறிவிப்பின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாதென்று, பின்தேதியிட்டு, ஒரு வாசகத்தைச் சேர்த்துவிட்டார்கள். கோர்ட்டு பூட்டிய கதவைப் பார்லிமெண்டு பக்கத்துச் சுவரிலே வேறு வாசல் வைத்துத் திறந்தது என்று சொன்னால் தவறாகாது. ஆயினும் வாசலுக்குச் சில படிகள் வைத்ததை மறுக்கக்கூடாது. கடலின் உச்ச வேலியேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப்பண்ணை கூடாது; விளைநிலத்தையும் அலையாத்திக் காட்டையும் குட்டையாக மாற்றக்கூடாது; குடிநீர் எடுக்கும் இடத்திலிருந்து 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும்; 500 பேருக்கு மேற்பட்ட கிராமமானால் 300 மீட்டர்; ஐந்து ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணை கழிவுநீரைச் சுத்தம் செய்தே வெளியே விடவேண்டும்; எல்லாப் பண்ணையும் பதிவு பெறவேண்டும். மீறினால் மூன்று வருஷம் வரையில் சிறை என்றும் இருந்தது. 2023-ஆம் வருஷத்துத் திருத்தத்தில் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தை வைத்தார்கள். அபராதம் கட்டமுடிந்தவனுக்குச் சட்டம் ஒரு செலவினம் ஆகிவிடுமே என்பது நமது கவலை.

நிற்க. இப்போது மானியத்தின் கதைக்கு வருவோம். கடல் உணவு ஏற்றுமதி அபிவிருத்தி அதிகார ஸ்தாபனம் 1972-ல் கொச்சியிலே ஏற்பட்டது. உவர்நீர் மீன் வளர்ப்புக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் 1987-ல் சென்னையில் ஏற்பட்டது. 2015-க்குப் பிறகு நீலப் புரட்சி என்றார்கள். 2020-ல் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா என்னும் திட்டம், ஐந்து வருஷத்துக்கு 20,050 கோடி ரூபாய் முதலீடு என்று வகுக்கப்பட்டது. உவர்நீர்க் குட்டை புதிதாக வெட்டுவதற்கு ஹெக்டேருக்கு 8 லட்சம் ரூபாய் செலவென்று வைத்து, அதில் பொதுப் பிரிவினருக்கு நூற்றுக்கு 40-ம், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு நூற்றுக்கு 60-ம் சர்க்கார் கொடுப்பதென்று ஏற்பாடு. அதாவது ஹெக்டேருக்கு 3 லட்சத்து 20 ஆயிரம், அல்லது 4 லட்சத்து 80 ஆயிரம். வடகரையிலே இந்தப் பணத்தில் நூற்றுக்கு 60 பங்கு டில்லியும் 40 பங்கு சென்னையும் போடவேண்டும். தென்கரையிலோ, புதுச்சேரி மத்திய ஆட்சிப் பகுதியானபடியால், மானியம் முழுவதும் டில்லியினுடையது. ஆறு ஒன்று, தண்ணீர் ஒன்று, இறால் ஒன்று. கஜானா மட்டும் வேறு. பிரெஞ்சுக்காரர் போட்ட கோடு எங்கெல்லாம் வந்து நிற்கிறது பாருங்கள்!

இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் நாம் மகிழ்ந்தோம். முதன்முறை இத்தொழில் வந்தபோது பொதுப் பணம் பெரிய கம்பெனிகளின் பின்னால் போயிற்று. இந்த முறை ஆதிதிராவிடருக்கும் பெண்களுக்கும் அதிகம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் விசாரித்தபோது விஷயம் அவ்வளவு நேராக இல்லை. மானியம் கேட்கிறவருக்குச் சொந்த நிலம் இருக்கவேண்டும். இல்லையேல் பல வருஷத்துக்குப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும். மேலும் நூற்றுக்கு 60 சர்க்கார் தருவதானால் மீதி 40-ஐ முதலில் கையிலிருந்தோ பாங்கியிலிருந்தோ கொண்டுவர வேண்டும். பாங்கி ஈடு கேட்கும். கீழத்தஞ்சையிலே குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு. ஆகவே குட்டையிலே இறங்கி இரவெல்லாம் கண்விழிப்பவர் ஒருவராகவும், பட்டாவில் பெயருள்ளவர் வேறொருவராகவும் இருந்தால், மானியம் பட்டாவைத் தேடிப் போகுமேயன்றிக் கண்விழித்தவரைத் தேடி வராது.

வரப்பிலே களை பறித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் குட்டைகளைப் பற்றிக் கேட்டோம். "நடவுன்னா எங்க தெருவுலேருந்து இருவது பொம்பளைங்க போவோம், ஐயா. குட்டைக்கு ஒரு காவக்காரன் போதும். அவனும் எங்க தெருவு ஆளு இல்லே" என்றாள். பொருளாதார நிபுணர்கள் பல பக்கங்களில் எழுதியதை அவள் இரண்டு மூச்சிலே சொல்லிவிட்டாள்.

எதிர்க்கட்சியையும் கேட்கவேண்டுமல்லவா? சிறிய குட்டை ஒன்றின் சொந்தக்காரர் நம்மைக் கரைமேல் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. அவர் குட்டை வெட்டியது விளைநிலத்தை அழித்து அன்று. நெல் விளையாமற் போன நிலத்தில். காவிரி வந்து உப்பைக் கழுவிவிட்டுப் போனால் தாம் மறுநாளே நாற்று விடத் தயார் என்றார். "தண்ணி குடுக்கலே, மானியம் குடுக்கறாங்க. குடுக்கறதைத்தானே வாங்க முடியும், தம்பி?" என்று அவர் கேட்டதற்கு நம்மிடம் பதில் இல்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கரையின் வயல்களில் ஏறிய உப்பைப் பற்றியும் அவர் சொன்னார்.

அவர் சொன்ன மற்றொரு விஷயம் நம் மனத்தில் தைத்தது. ஒரே வாய்க்காலில்தான் எல்லாரும் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அதே வாய்க்காலில்தான் எல்லாரும் கழிவை விடுகிறார்கள். மேல்குட்டையில் வெண்புள்ளி கண்டால் அவர் இரவோடிரவாக மதகைத் திறந்து விடுவார். காலையில் கீழ்க்குட்டைக்காரர் அந்தத் தண்ணீரையே மோட்டார் வைத்து இழுப்பார். ஒருவருக்குத் தனித்தனியே எத்தனை லட்சம் மானியம் கொடுத்தாலும் இந்த வாய்க்காலை அது திருத்துமோ? ஐந்து ஹெக்டேருக்கு மேற்பட்டவனுக்குத்தான் சுத்திகரிப்பு விதி. இரண்டு ஏக்கர்க்காரர் நாற்பது பேர் சேர்ந்தால் பெரிய பண்ணை விடும் கழிவை அவர்களும் விடுகிறார்கள். ஆனால் விதியின் கண்ணுக்கு ஒவ்வொருவரும் சிறியவர். ஏற்றும் கால் ஒன்று, வடியும் கால் ஒன்று, வடிகாலின் வாயிலே கழிவு படியும் பொதுக்குளம் ஒன்று என்று சர்க்கார் வெட்டிக் கொடுத்தால், அந்தப் பணம் பட்டா உள்ளவருக்கும் இல்லாதவருக்கும், பக்கத்து நெல்வயலுக்குங்கூட உதவும். முன்காலத்து ராஜாக்கள் ஏரியும் கால்வாயுந்தான் வெட்டினார்களேயொழிய ஆளுக்கு ஒரு கிணற்றுக்குப் பாதிச் செலவு கொடுக்கவில்லை. குஞ்சைப் பரிசோதிக்கும் சாலையும் அப்படியே பொதுவில் இருக்கவேண்டியது. சிறு பண்ணைக்காரர்களைச் சங்கங்களாகச் சேர்த்து, ஒரே நாளில் குஞ்சு விடவும் நோய் கண்டால் ஒருவருக்கொருவர் அறிவிக்கவும் பழக்குவதற்காக 2007-ல் ஏற்றுமதி ஸ்தாபனத்தார் ஒரு தேசிய மையத்தை ஏற்படுத்தியிருக்கிறார்கள். செலவு அற்பம், பயன் பெரிது. இம்மாதிரிக் காரியங்களுக்குப் படம் பிடித்துப் போட ஒன்றுமில்லாததால் விளம்பரம் குறைவு.

பொதுப் பணம் நன்றாகப் பயன்பட்ட இடத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. பூவத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணத்தில் சீர்காழி வட்டாரம். அங்கே தலைமையகம் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தார் தொடுவாய்க் கடற்கரையிலே கொடுவா மீனுக்கும் கல்நண்டுக்கும் பொரிப்பகம் நடத்தி வருகிறார்கள். அடைத்த தண்ணீரில் கொடுவாவை முட்டையிட வைக்கும் வித்தையை இந்தியாவில் முதன்முதல் 1997-ல் சாதித்தது சென்னை உவர்நீர் ஆராய்ச்சி நிலையம். பால்மீனை 2015-ல் சாதித்தார்கள். இவையெல்லாம் எந்தக் கம்பெனியும் பத்து வருஷம் பொறுத்துச் செலவழிக்க முன்வராத காரியங்கள். கொடுவா இறாலைப் போல் நூறு நாளில் பணம் தராது. ஆனால் அது நம் கடல் மீன், உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும், வெண்புள்ளிக்குப் பயப்படாது, வாங்குவதற்குக் காரைக்கால் மார்க்கெட்டிலேயே ஆளிருக்கிறது.

உள்ளூரிலே ஆளிருப்பது சிறிய விஷயமன்று. 2023-24-ல் இந்தியா 60,523 கோடி ரூபாய்க்குக் கடல் உணவை ஏற்றுமதி செய்தது. அதில் 40,000 கோடிக்கு மேல் உறைய வைத்த இறால். அதை அதிகம் வாங்கியது அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்நாட்டார் இந்தியச் சரக்கின்மேல் நூற்றுக்கு 50 வரியென்று அறிவித்தபோது, நண்டலாற்றங்கரையில் குட்டையை நம்பியிருப்பவனுடைய ரூபாய்க்கும் வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்துக்கும் சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது. 2024-ல் மத்திய சர்க்கார் புதிதாக வகுத்த திட்டமொன்றில் பண்ணை இன்ஷ்யூரன்ஸ் கட்டணத்தில் நூற்றுக்கு 40 தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோய்க்கு இன்ஷ்யூரன்ஸ் உண்டு. வரிக்கு உண்டா என்று நம்முடைய குட்டைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தையும் குஜராத் ஜக்காவையும் டையூவிலுள்ள வணக்பாராவையும் நவீனத் துறைமுகங்களாக்க 369 கோடியே 80 லட்சம் ரூபாய் முதலீடென்று 2024-ல் அறிவித்தார்கள். காரைக்கால் துறைமுகத்தில் பனிக்கட்டி நிலையமும் ஏலக்கூடமும் ஒழுங்காக அமைந்தால் கடல் மீனோடு குட்டை மீனும் அங்கே விலைபோகலாம். மண்டபத்தூர், காளிக்குப்பம் போன்ற பக்கத்து மீனவக் கிராமங்களிலே கூடையெடுத்துப் போகும் பெண்களுக்கு இதில் இடம் உண்டா என்பதை இப்போதே கேட்டுவைக்க வேண்டும். கட்டிடம் எழும்பிய பிறகு கேட்டால், வாசலில் நிற்கும் காவலர் பதில் சொல்லுவார்.

நாம் திரும்புகையில் பாலத்தின் மேல் நின்று பார்த்தோம். வேலியேற்றம் தொடங்கியிருந்தது. ஆறு மேற்கு நோக்கி ஓடிற்று. வடகரையில் தமிழ்நாட்டு விதிப்படியும் தென்கரையில் புதுச்சேரி விதிப்படியும் விண்ணப்பம் எழுதியிருக்கும் குட்டைக்காரர்கள் இருவர், இரு கரையிலும் ஒரே சமயத்தில் மோட்டாரைப் போட்டு அந்தத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.